இடது கட்டைவிரலுக்கு வேலை

மூன்று மாதக் கட்டணத்துக்கு ஈடாக
பிரிட்டோ வைத்துவிட்டுப் போனான் அதை.
"ஆவடியில வேலை கிடைச்சிருக்கு மேடம்.
சம்பளம் வந்ததும் மீட்டுக்கிறேன்."
ஆயிரத்து ஐநூறு. பதிவேட்டில் எழுதினேன்:
பாங்கோ, ஒரு ஜோடி,
சின்னதின் தோலில் டீக்கறை.

போகிற அவசரத்தில்
ஒன்றே ஒன்று தட்டிக் காட்டினான்.
எட்டு எண்ணிக்கை.
ஏழாவது மட்டும் பெரியதில் விழணும்.
"ஆயுசுக்கும் இது போதும் மேடம்"
சொல்லிக்கொண்டே படியிறங்கினான்.

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில்
இருபத்தேழு வருடமாகத் தட்டச்சு சொல்லித்தருகிறேன்.
எல்லா எழுத்தும் ஒரே கறுப்பில் விழவேண்டும்.
சுண்டுவிரல் அடித்த 'ஏ' வெளுத்திருந்தால்
மதிப்பெண் போச்சு.
ஸ்பேஸ் பார் வலது கட்டைவிரலுக்கு.
இடது கட்டைவிரலுக்கு
எங்கள் பாடத்தில் வேலையே இல்லை.
சும்மா தொங்கும்,
பந்தி பரிமாற யாரும் கூப்பிடாத ஆள் மாதிரி.
ரேஷன் கடைக் கருவியில்தான்
மாதம் ஒருமுறை அதற்கு மரியாதை.

இரவு ஒன்பதரை.
கடைசி பேட்ச் போனதும்
இயந்திரங்களுக்கு உறை போட்டுவிட்டுக்
கதவைத் தாழிட்டேன்.
மேசைமேல் வைத்தால் நழுவுகிறது.
முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கவேண்டும்.
கொசுவத்தை ஒருபக்கம் ஒதுக்கி
ஐம்பத்தொரு வயதில் அப்படி உட்கார,
யாருமில்லாத அறையிலும்
ஒருதரம் சன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

சின்னது இடப்பக்கம் இருக்கணும்.
அதுவே மூன்றுநாள் கழித்துத்தான் உறைத்தது.

ஒன்று, வலது ஆள்காட்டி.
இரண்டு, இடது கட்டைவிரல்.
அங்கேயே நின்றுபோனேன்.
நிமிடத்துக்கு அறுபது சொல் அடிக்கிற கையில்
ஒரு விரல் கைநாட்டு.

அதட்டினேன். பிள்ளைகளை அதட்டுகிற அதே குரல்:
"மணிக்கட்டை இறக்கு. கீழே பார்க்காதே."
விழுந்தது,
ஈரத்துணி விழுகிற மாதிரி.
ஆள்காட்டி, கட்டை, ஆள்காட்டி, மற்ற விரலெல்லாம்,
ஆள்காட்டி, கட்டை,
பெரியது!
அந்தச் சந்தோஷத்தில்
எட்டாவதை மறந்துவிட்டேன்.
மறுபடி.

கீழே தையல்கடை பதுருதீன்
மறுநாள் கேட்டார்:
"ராத்திரியில மேல எலி ஓடுதாம்மா?"
"ஆமா பாய். பெரிய எலி."

ஐப்பசியில் கரண்ட் இல்லாத இரண்டு ராத்திரி.
கெடிலத்தில் தண்ணீர் ஏறுவதாகத்
தெருவில் பேசிக்கொண்டு போனார்கள்.
ஈரத்தில் தோல் தளர்ந்து
தவளைக் குரலில் பேசியது.
மெழுகுவர்த்திக்குத் தள்ளிப் பிடித்துக் காயவைத்தேன்,
பிறகு திரியையும் அணைத்தேன், சிக்கனம்.
கை என்ன செய்கிறதென்று தெரியாத அந்த இருட்டில்
எட்டும் வந்தது.
திரும்பவும் எட்டு. திரும்பவும்.
எண்ணுவதை எங்கே விட்டேன் என்று தெரியாது.
கட்டைவிரல் தன்பாட்டுக்கு உருண்டு விழுந்தது
இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று
நான் கேட்பதற்கு முன்னால்.

அதற்கப்புறம்
பதினாறு இயந்திரமும் சேர்ந்து ஓடுகையில்
அந்த மழைக்குள் ஏழாவதைத் தேடுவேன்.
வரி முடிகிற மணி மட்டும்
யார் கணக்குக்கும் அடங்காமல் டிங் என்கும்.
நெல்லிக்குப்பத்துப் பெண் அமுதரசி
ஏழாவது எழுத்தை லேசாக அழுத்துகிறாள்.
தப்பு. திருத்தவேண்டும்.
திருத்தவில்லை.

தை பிறந்து பிரிட்டோ வந்தான்.
பத்து நிமிடம் படியிலேயே நின்றிருக்கிறான்.
உள்ளே வந்து மூன்று ஐநூறு ரூபாய்த் தாளை வைத்துவிட்டு
"எட்டாவதுல கட்டைவிரல்
கொஞ்சம் முந்துது மேடம்" என்றான்.

பதிவேட்டைத் திறந்தேன்.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.
மேலிருந்து கீழே விரல் வைத்து நிதானமாகப் பார்த்தேன்.
"தாமதக் கட்டணம் இருநூறு நிக்குதே தம்பி.
அடுத்த மாசம் கட்டிட்டு எடுத்துட்டுப் போ."

அப்படியொரு கட்டணம்
எங்கள் நிலையத்தில் எந்நாளும் இருந்ததில்லை.
லோயரும் ஹையரும் இங்கேயே படித்தவன்,
அவனுக்கா தெரியாது.